கீழே உருட்டினால் மேலே ஓடிய மவுஸ்

“அத்தை... இது மேல போவுது!”

உள்ளறையிலிருந்து மருமகள் அமுதாவின் குரல். போன சனிக்கிழமை, விஜயதசமி காலை. மறுபூஜை முடிந்து, நான் பொரிகடலையை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

எது மேலே போகிறது? எனக்கு உடனே தோன்றியது பிரஷர்தான். அமுதாவுக்கு இது ஐந்தாம் மாதம். வீட்டில் ஒரு தும்மல் கேட்டாலே டாக்டரம்மா நம்பரைத் தேடுகிறவள் நான். டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பாதிப் பொரி தரையில்...

பிரஷர் இல்லை. கம்ப்யூட்டர்.

“இங்க பாருங்க அத்தை. கீழ உருட்டுறேன். ரெண்டு வரி கீழ போவுதா? அப்புறம் படக்குன்னு மேல ஏறிக்குது.”

பார்த்தேன். மவுஸின் நடுவில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்குமே — அதை அவள் தன் பக்கமாக இழுத்து உருட்டுகிறாள். திரையில் பக்கம் இறங்குகிறது... நிற்கிறது... திடீரென்று, வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தது போல மேலே ஓடுகிறது. மறுபடி உருட்டுகிறாள். மறுபடி ஓட்டம்.

“கொஞ்சம் பொறுமையா உருட்டிப் பாரேன்.”

“பொறுமையா உருட்டினா பொறுமையா மேல போவுது அத்தை.”

ஒரு மவுஸ் சக்கரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

அமுதா கிளியனூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாண்டிச்சேரியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். கல்யாணமாகி எங்கள் திண்டிவனம் வந்த பிறகும் அதே வேலை, அதே பஸ், கூடக் கொஞ்சம் தூரம். மாசமானதும் டாக்டரம்மா இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார் — “பஸ்ஸு வேணாம்.” வேலை போயிற்று.

அவள் அழவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற காகிதத்தையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் பிழை திருத்த ஆரம்பித்தாள். ஜவுளிக்கடை நோட்டீஸ், வடை சுற்றி வந்த பேப்பர், காதுகுத்துப் பத்திரிகை... அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. வடை பேப்பரில் ஒற்றுப் போட்டுக்கொண்டிருக்கிற பெண்ணை என்ன சொல்லித் தேற்றுவது?

அப்புறம் அச்சகத்துச் சிநேகிதி ஒருத்தி மூலமாக ஒரு வழி பிறந்தது. பாண்டிச்சேரியில் ஒரு பதிப்பகம். பழைய புத்தகங்களை மறுபடி அச்சுக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்க ஆள் வேண்டுமாம். முதலில் சோதனைக்கு ஒரு புத்தகம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் வந்துவிட வேண்டும். திருப்தியாக இருந்தால் தொடர்ந்து வேலை. வராவிட்டால், காத்திருக்கும் இன்னொருவருக்கு. அதையும் மரியாதையாகவே சொல்லியிருந்தார்கள்.

சோதனைப் புத்தகம் என்ன தெரியுமா? மாட்டு வைத்தியம்!

திரையில் இடது பக்கம் பழைய புத்தகத்தின் படம். வலது பக்கம் புதிதாகத் தட்டச்சு செய்தது. இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டே இறங்க வேண்டும். இறங்கும்போது பக்கம் துள்ளினால்? வரி தவறும். வரி தவறினால், வயிற்று உப்புசத்துக்கு உண்டான மிளகு குளம்புப் புண்ணுக்குப் போய்விடும். மாடு பாவம்... அதைவிட மருமகள் பாவம்.

“நேத்தே உக்காந்திருக்கலாமில்ல?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“பூஜையில வச்சதைத் தொடுவாங்களா அத்தை? எங்க வீட்ல அன்னிக்கி பம்ப்செட்டே போட மாட்டாங்க. மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி கட்டுற நாளா இருந்தாலும் சரி... மறுநாள் கற்பூரம் காட்டிட்டுதான் மோட்டாரு.”

உண்மைதான். சரஸ்வதி பூஜைக்குக் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பூஜையில் வைத்தவள் அவள். ‘ஒரு பத்தி மட்டும் அடிச்சிடறேனே’ என்று நான் உட்காரப் போனபோது, கையைப் பிடித்து எழுப்பி விட்டவளும் அவள். சாமி விஷயத்தில் எங்கள் வீட்டில் மாமியார் அவள்; மருமகள் நான்.

அவள் கணக்கும் தப்பில்லை. சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். சக்கரம் ஒழுங்காகச் சுற்றினால்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை போய், திரும்பி வந்து மறுபடி மூடிப் பார்க்கிற ரகம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதால் இன்னொரு வியாதியும் உண்டு. வீட்டில் எந்த மிஷின் கெட்டாலும் ‘நான்தான் எதையோ அமுக்கிவிட்டேன்’ என்று தோன்றும். படித்தவர்கள் ‘சிஸ்டம் சரியில்லை’ என்பார்கள். எங்களுக்கு ‘நாம் சரியில்லை’ என்றுதான் வரும்.

இந்த முறை ஆதாரமே இருந்தது.

எங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். என் மகன் பிரபு போட்டுக் கொடுத்தது. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. “இதுக்கு வைரஸ் தொல்லை கிடையாதும்மா” என்றான். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? அன்றிலிருந்து நான் லினக்ஸ் கட்சி. இந்தப் பத்தியெல்லாம் அதில்தான் பிறக்கிறது.

லினக்ஸ் நல்ல பிள்ளைதான். ஆனால் ஒரு குணம். அவ்வப்போது ‘புதிய அப்டேட்கள் வந்துள்ளன, நிறுவட்டுமா?’ என்று கேட்கும். பூஜைக்கு முதல் நாள் மத்தியானமும் கேட்டது. இவ்வளவு பணிவாகக் கேட்பதை எப்படி வேண்டாம் என்று சொல்வது? பிரபு சொல்லித் தந்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு ‘சரி’யை அமுக்கினேன். ரொம்ப நேரம் ஏதேதோ இறங்கிக்கொண்டிருந்தது.

அமுதாவிடம் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாக அப்போது தெரியவில்லை.

இப்போது தெரிந்தது!

பிரபுவுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு விஜயதசமி ஏது? டியூட்டியில் இருந்தான்.

“இன்னாம்மா? ஜல்தி சொல்லு. பில்லிங் கவுண்டர்ல கூட்டம் நெரியுது.”

“மவுஸு மேல போவுதுடா.”

“எங்க மேல? பரண் மேலயா?”

“பக்கம்டா! கீழ உருட்டினா மேல போவுது. அமுதாவுக்கு அஞ்சு மணிக்குள்ள...”

“தெரியும், தெரியும். வேற மவுஸு எதுனா போட்டுப் பாரு.”

“எங்க போவேன் வேற மவுஸுக்கு? கம்ப்யூட்டர் கடைக்காரரு நேத்தே தோரணம் கட்டிட்டு ஷட்டரை இறக்கிட்டாரு. திங்கக்கிழமைதான் வருவாராம். ப்ரௌசிங் சென்டரும் பூட்டிக் கெடக்கு.”

அவன் ஒரு பெருமூச்சு விட்டது விழுப்புரத்திலிருந்து எனக்குக் கேட்டது.

“சரி, டெர்மினலைத் தெற. கறுப்பு ஜன்னல் வருமே, அது. எக்ஸ், இ, வின்னு அடிச்சி என்டர் தட்டு.”

தட்டினேன். குட்டியாக ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. அதன் மேல் மவுஸை வைத்து என்ன செய்தாலும் பக்கத்தில் எழுத்தாக ஓடுகிறது. நகர்த்தினால் எழுதுகிறது. அமுக்கினால் எழுதுகிறது. எதிர்வீட்டு ஜன்னலில் எப்போதும் ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டே இருப்பாளே... அப்படி ஒன்று விடாமல் குறித்துக்கொள்கிறது!

லினக்ஸுக்குச் சக்கரம் என்பதே தெரியாதாம். மேலே உருட்டினால் ‘பட்டன் நாலு’. கீழே உருட்டினால் ‘பட்டன் அஞ்சு’. அப்படித்தான் அது புரிந்துகொள்ளுமாம்.

அமுதா கீழே உருட்டினாள். ஐந்து... ஐந்து... நாலு... ஐந்து... நாலு... நாலு.

“ஏங்க, அஞ்சுக்கு நடுவுல நாலு வருதுங்க,” என்று என் தோளுக்கு மேல் எட்டிப் போனில் சொன்னாள்.

“அப்படியா? யோசிச்சிட்டுக் கூப்பிடறேன். அதுவரைக்கும் நீ கீபோர்டுல அம்புக்குறி வச்சே வேலையைப் பாரு. ம்மா... நீ எதையும் தொடாத.”

கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

அமுதா அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் தட்டு, அந்தப் பக்கம் போ, அங்கே தட்டு, இந்தப் பக்கம் வா... நடவு நட்டுக்கொண்டே வயலைக் கடப்பது மாதிரி. மத்தியானம் பார்த்தால் மாட்டு வைத்தியத்தில் இன்னும் பாதி மாடு மிச்சம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

“அத்தை, நீங்க நடக்குறதுக்கு எனக்கு மூச்சு வாங்குது. உக்காருங்க.”

சாப்பிட்டதும் அவள் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். அதுவும் டாக்டரம்மா உத்தரவு. படுத்தாள். கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. நானும் சும்மா இருந்தேன்.

ஒரு கவலைக்காரியையும் ஒரு கெட்டுப்போன மிஷினையும் ஒரே அறையில் தனியாக விடலாமா? நீங்களே சொல்லுங்கள்.

நெட்டில் தேடினேன். என் எட்டாவது இங்கிலீஷ் போதும் போலிருந்தது. எந்த நாட்டுக்காரனோ ஒருத்தன், ‘அப்டேட் போட்டேன், சக்கரம் ஏறி இறங்குகிறது, உதவுங்கள்’ என்று எழுதியிருந்தான். அதைப் படித்ததும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! உலகத்தில் இன்னொருத்தனும் ‘சரி’யை அமுக்கியிருக்கிறான்...

அவனுக்கு ஒருவர் பதில் சொல்லியிருந்தார். இந்த ஃபைலைத் திற, இந்த ஒரு வரியைச் சேர், சேமி, கம்ப்யூட்டரை நிறுத்திப் போடு. வரியில் நாலும் ஐந்தும் வந்தது. எங்கள் வியாதிக்கேற்ற மருந்து!

பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன், திரையில் ஒன்றுமே விழவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. வாங்கிக்கொண்டதா, இல்லையா? அழித்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி ஒன்றுமில்லை. பிறகுதான் தெரிந்தது, லினக்ஸில் அப்படித்தானாம் — பாஸ்வேர்டை அடிப்பது யார் கண்ணுக்கும் தெரியக் கூடாதாம். அடிக்கிறவள் கண்ணுக்குமா?

எப்படியோ ஃபைல் திறந்தது. வரியைச் சேர்த்தேன். சேமித்தேன். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நிறுத்திப் போட்டேன்.

கறுப்புத் திரை.

மூலையில் கொஞ்சம் வெள்ளை எழுத்து. படம் இல்லை. ஜன்னல் இல்லை. மாடு இல்லை.

காலையிலிருந்து அவள் திருத்தியதெல்லாம்? மணி என்ன? மூன்றை நெருங்குகிறது. பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அமுதா கொண்டையை முடிந்துகொண்டே வந்து நின்றாள்.

“என்னாச்சு அத்தை?”

“அது... கொஞ்சம் தூங்குது.”

குனிந்து திரையைப் படித்தாள். “தூங்கலை அத்தை. தொட்டீங்களா?”

எல்லாவற்றையும் கொட்டினேன். முந்தாநாள் அப்டேட் போட்டது, நெட்டில் தேடியது, வரி சேர்த்தது... எல்லாம். அவள் கத்தவில்லை. “அவருக்குப் போன் போடுங்க,” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. அதற்கு என் மாமியார் காலத்துத் திட்டே தேவலாம் என்றிருந்தது.

“ம்மா! எதையும் தொடாதன்னு சொன்னனா இல்லியா?” — பிரபு.

“சொன்ன.”

“அப்புறம்?”

“ஒரே ஒரு வரிதான்டா சேர்த்தேன்.”

“எந்த எடத்துல சேர்த்த?”

“கடைசியில. அங்கதான் எடம் காலியா இருந்துச்சு.”

பஸ்ஸில் காலியாக இருக்கிற சீட்டில் உட்காருவது போல நான் அந்த வரியை உட்கார வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் அதனதன் கட்டம் இருக்கிறதாம். கட்டத்துக்கு வெளியே ஒன்று கிடந்தால் லினக்ஸ், ‘எனக்கு ஒண்ணும் புரியலை’ என்று மொத்தப் படத்தையும் நிறுத்திவிடுமாம்.

“பேஜாருதான்... சரி, பயப்படாத. நீ மாத்துறதுக்கு முன்னாடி பழசை அதுவே ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கும். அதே பேரு, கடைசியில மட்டும் அலை மாதிரி ஒரு குறி. அதை எடுத்து இது மேல போட்டா சரியாயிடும். நா ஒவ்வொரு எழுத்தா சொல்றேன்.”

அவன் சொல்ல, நான் போனை வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்ல, அமுதா அடித்தாள்.

“சி... பி... அப்புறம் ஒரு எடம் விடணுமாம்.”

“விட்டாச்சு.”

“சாஞ்ச கோடு.”

“எந்தப் பக்கம் சாஞ்சது?”

“டேய், எந்தப் பக்கம்டா சாஞ்சது?”

இப்படியே போய் அலைக்கு வந்தோம்.

“அலை எங்க இருக்கு?” என்றேன்.

“மரக்காணத்துக் கடல்ல,” என்றாள் அமுதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு உயிர் வந்தது. கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டாள்!

எஸ்கேப் பட்டனுக்குக் கீழே இருந்தது அலை. தட்டினாள். நிறுத்திப் போட்டோம். திரையில் முதலில் கறுப்பு, அப்புறம் ஒரு வெளிச்சம், அப்புறம் எங்கள் பழைய படம்... மாட்டு வைத்தியமும் அப்படியே இருந்தது. அவள் பக்கத்துக்குப் பக்கம் சேமித்துக்கொண்டே வந்திருக்கிறாள். “அச்சகத்துல கரண்டு போயிப் போயி அப்படியே பழகிடுச்சு அத்தை.”

ஒன்று கவனித்தீர்களா? யாரும் கேட்காமலே, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பழையதை ஒரு காப்பி எடுத்து ஓரமாக வைத்திருக்கிறது அந்த மிஷின்! சிலிண்டரைத் திரும்பி வந்து பார்க்கிற என்னை எல்லோரும் கிண்டல் செய்கிறீர்கள். லினக்ஸை எழுதிய மகராசர்களில் யாரோ ஒருவர் என்னை மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். கவலைப்படுகிறவர்களால்தான் பாதி உலகம் திரும்பக் கிடைக்கிறது. மீதிப் பாதியைத் தொலைப்பதும் நாங்கள்தான் என்பதை இன்று சொல்ல வேண்டாம்.

போனை வைப்பதற்கு முன் பிரபு சொன்னான்: “இன்னொண்ணும்மா. யோசிச்சிப் பார்த்தேன். அஞ்சுக்கு நடுவுல நாலு வருதுன்னா, மவுஸே அப்படி அனுப்புது. லினக்ஸு வந்ததைத்தான் எழுதும், அதுவா சொந்தமா எழுதாது. உள்ள ஏதோ அடைச்சிக்கினு இருக்கு போல. நா வரும்போது இங்கேருந்து ஒரு புது மவுஸு வாங்கியாறேன்.”

அவன் வருவதோ ராத்திரி ரயிலில். கெடுவோ ஐந்து மணி.

“அமுதா, அந்த மவுஸைக் கொஞ்சம் குடேன்.”

அவள் மவுஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“தொடைக்கத்தாம்மா.”

“எதுனா ஒண்ணு மிச்சமாகிட்டா திருப்பி உள்ள போட்டுடுங்க அத்தை,” என்று கொடுத்துவிட்டு அம்புக்குறிக்குத் திரும்பினாள்.

தையல் மிஷின் டிராயரில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் உண்டு. பாபின் பெட்டியில் பஞ்சு அடைத்தால் கழற்றிச் சுத்தம் செய்வது எனக்குப் பழக்கம்தான். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மவுஸைத் திருப்பினேன். அடியிலிருந்த ஸ்டிக்கரை உரித்தால் ஒரு ஸ்க்ரூ. கழற்றினேன். மூடி வந்தது. கூடவே ஒரு ஸ்பிரிங்கும் எகிறி, அரிசி டின்னுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அதைத் துடைப்பக் குச்சியால் மீட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

உள்ளே அந்தச் சக்கரம். அதன் ஓரமெல்லாம் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி இடைவெளி. ஒரு பக்கம் மிளகளவு ஒரு விளக்கு. எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கிற ஒரு கண். சக்கரம் சுற்றும்போது வெளிச்சம் தெரிந்து மறைவதை வைத்துத்தான் மேலா, கீழா என்று கண்டுபிடிக்கிறது போலிருக்கிறது.

எங்கள் சக்கரத்தில் பாதி இடைவெளிகளில் வெளிச்சம் போக வழியே இல்லை. காய்ந்த களிமண் மாதிரி மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்!

பூஜைக்குத் துடைத்து வைத்த கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தவள் அமுதா. மானிட்டருக்கு மேலே ஒன்று, பெட்டிக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. மவுஸிடம் வந்ததும் நின்று, “இதுக்கு நெத்தி எது அத்தை?” என்று கேட்டு, அவளே “சக்கரம்தான்” என்று முடிவு செய்து, குழைத்த சந்தனத்தை நல்ல பக்தியோடு அதன் உச்சியில் வைத்தாள். நெற்றியில் வைத்தது மெல்ல வழிந்து உள்ளே இறங்கி, ஆரக்காலில் காய்ந்துவிட்டது.

அப்படியானால்... அப்டேட் இல்லை. லினக்ஸ் இல்லை. நான் இல்லை!

உங்களுக்குப் புரியாது. வாழ்நாள் முழுக்க ‘நான்தான் கெடுத்தேனோ’ என்று தவிக்கிறவளுக்கு, ‘நீ இல்லை’ என்று உள்ளங்கையில் ஆதாரம் கிடைக்கிற நாள் எத்தனை முறை வரும்? சக்கரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன். வாயைத் திறந்தாயிற்று.

அமுதா முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். விரல் அம்புக்குறியில். உதடு முணுமுணுக்கிறது: “சுக்கு... மிளகு... வெத்திலை...” என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பூஜையில் வைத்ததைத் தொட்டால் பாவம் என்று நினைக்கிறவள். அவளிடம் போய் இந்த நேரத்தில், ‘உன் பொட்டுதான் உன் வேலையைக் கெடுத்தது’ என்று சொன்னால்? சிரித்துவிட்டுப் போகலாம். போகாமலும் இருக்கலாம். ‘முதல் வேலைக்கே நானே தடை வச்சிட்டேனா’ என்று ஒரு புழு உள்ளே நுழைந்தால், சுக்குக்கும் மிளகுக்கும் அவள் கண் நிற்குமா? அந்தப் புழு எந்த வழியாக நுழையும், எங்கே திரும்பும், எங்கே படுக்கும் என்று எனக்கு அத்துப்படி. அந்த ரோட்டைப் போட்டதே நான்தான்.

பேசாமல் சமையலறைக்குத் திரும்பினேன். பழைய டூத் பிரஷ், காது குடையும் பட்ஸ், வெந்நீர். ஆரக்கால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, துணியில் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் காய வைத்து, ஸ்பிரிங்கை உட்கார வைத்து மூடினேன். ஒன்றும் மிச்சமாகவில்லை!

அமுதா மவுஸைச் செருகி உருட்டினாள். பக்கம் இறங்கியது. இன்னும் உருட்டினாள். இன்னும் இறங்கியது. ஒரு துள்ளல் இல்லை. வெண்ணெயில் விரல் போவது போல அத்தனை மாடுகளையும் தாண்டி, கோமாரி நோய் வரைக்கும் ஒரே இறக்கம்.

“என்ன அத்தை பண்ணீங்க?”

“தூசி.”

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான்.”

அவள் வேகத்தை அப்புறம்தான் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை, ஒரு தட்டு, ஒரு உருட்டு. நான் கதவோரம் நின்று சுவர்க் கடிகாரத்தையும் அவள் முதுகையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மெயிலில் கோப்பை இணைத்தாள். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது.

“போயிடுச்சு அத்தை.”

காபி போடப் போனேன். டம்ளரோடு திரும்பி வந்தால், போனில் புருஷனிடம் பேசிக்கொண்டிருந்தாள். “அனுப்பிட்டேங்க... ஆமாங்க, சக்கரமும் சரியாயிடுச்சு. அத்தைதான் தெரியாம அப்டேட்டு பண்ணி, ஃபைலை மாத்தி... பாவம், காலையிலேர்ந்து தவிச்சிக்கினு இருக்காங்க. நீங்க வந்து ஒண்ணும் கேக்காதீங்க.”

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. காபியோடு சேர்த்து விழுங்கினேன். என் வாழ்நாளிலேயே சூடான காபி அதுதான்.

ராத்திரி பிரபு புது மவுஸோடு வந்தான். பழையது ஓடுவதைப் பார்த்துவிட்டு, புதியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றான். கொடுப்பேனா? கவரோடு பீரோவில் இருக்கிறது. அங்கே ஒன்று உதிரியாக இருக்கிறது என்பதே எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

புதன்கிழமை பதில் வந்தது. அமுதா சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் வாயால் கேட்க வேண்டும் அல்லவா?

“குடுத்துட்டாங்க அத்தை. மாசா மாசம் அனுப்புறாங்களாம். ஒரு வரிகூட விடலைன்னு எழுதியிருக்காங்க.”

“அடுத்தது என்ன, ஆட்டு வைத்தியமா?”

“பல்லி விழுற பலன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். வடை பேப்பர் இப்போது குப்பைக்கே நேராகப் போகிறது. அதைப் பார்க்கிற சுகம் எனக்குப் போதும்.

ஒரே ஒரு நஷ்டம். கம்ப்யூட்டர் இப்போது என் கைக்குக் கிடைப்பதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பல்லிதான் விழுந்துகொண்டிருக்கிறது. இந்த வாரப் பத்தியைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். வேலை முடிந்ததும் அவளே தட்டச்சு செய்து அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். பிழை இருந்தால் திருத்திக்கொள் என்று நானும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன்.

ஆக, நான் விழுங்கிய சங்கதி உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். வேலைதான் கிடைத்துவிட்டதே! குற்றம் செய்யாத மாமியார் ஒருத்தி, மருமகளுக்காக அந்தப் பழியைச் சுமந்தாள் என்று அச்சில் வருவதும் நல்லதுதானே?

(தட்டச்சு செய்தவள் குறிப்பு: சந்தனம் நான் வைத்தது உண்மை. ‘ஒட்ட மாட்டேங்குது பாரு, இன்னும் கொஞ்சம் எடுத்து நல்லா அழுத்தி வை’ன்னு சொன்னது அத்தை. — அமுதா)